1,400 ஆண்டு மெயின்டனன்ஸ்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



காத்மாண்டு போய் வந்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். பசுபதிநாதர் தரிசனம், ருத்ராட்சம், முடிந்தால் முக்திநாத். அங்கே பாக்மதி ஆற்றைத் தாண்டினால் பாட்டன் என்ற பழைய நகரம். லலித்பூர் என்பதும் அதே ஊர்தான். டூர் பஸ்ஸில் போனால் அரண்மனைச் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் விடுவார்கள். கோயில்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். நான் பேசப்போவது அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி.

சதுக்கத்தின் வடகோடியில் படியிறங்கிப் போகும் ஒரு பள்ளம் இருக்கிறது. சுவரில் மகர முகத்தோடு மூன்று கல் தாரைகள். பெயர் மங்க ஹிட்டி. நேவார் மக்களின் மொழியில் 'ஹிட்டி' என்றால் தண்ணீர்த் தாரை. லிச்சவி மன்னர்கள் காலம், கி.பி. 570 வாக்கில் அமைந்தது. மோட்டார் கிடையாது. ஓடையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து நீர் மண்ணில் ஊறி, பூமிக்கடியில் போட்ட வாய்க்காலில் சரளைக்கல் வழியாக வடிந்து தாரைக்கு வரும். நிலத்தின் சரிவுதான் பம்ப். ஊரெங்கும் இப்படிப் பல.

கட்டுவது ராஜாவுக்குப் பெரிய காரியமில்லை. அதன் பிறகு யார் தூர் வாருவது? இது நமக்கும் தெரிந்த கேள்விதானே!

அதற்கு அவர்கள் வைத்திருந்தது 'குட்டி' என்ற அமைப்பு. 'கோஷ்டி' என்ற வடசொல்லின் திரிபு. நம்மூரில் கோஷ்டி என்றால் பஜனை, இல்லாவிட்டால் சண்டை. அங்கே அது ஊர்ச் சங்கம். யாரோ ஒருவர் நிலம் எழுதி வைப்பார்; அதன் வருமானத்தில் கோயில், தாரை, திருவிழா எல்லாம் நடக்கும். உறுப்பினர்கள் முறைவைத்துப் பொறுப்பு ஏற்பார்கள். சாவு வீட்டுக்கென்றே தனிக் குட்டி உண்டு. கூட்டம் முடிந்ததும் விருந்து. (செயலாளர் கவனிக்கவும்.)

ஆனியை ஒட்டி, மழைக்காலம் தொடங்கும் முன், வளர்பிறை சஷ்டியன்று 'சிதி நக' என்றொரு பண்டிகை. நம் முருகன்தான், அங்கே குமாரர், அவர் பிறந்த நாள். அன்று கிணறு, குளம், தாரை எல்லாவற்றையும் சுத்தம் செய்வது வழக்கம். தண்ணீரில் குடியிருக்கும் நாகங்கள் அன்று குலதெய்வ பூஜைக்கு வெளியே போயிருக்குமாம். அதனால் இறங்கலாம் என்பது நம்பிக்கை. நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும் நாட்களும் அவைதான். தேதியைக் குறித்தவர் கெட்டிக்காரர்.

பிறகு நடந்ததைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. 1964-ல் அரசு ஒரு கழகம் அமைத்து, குட்டி நிலங்களில் பெரும்பகுதியை நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் குழாய் வந்ததும் தாரையைக் கவனிக்க ஆளில்லை. குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். அஸ்திவாரமும் சாக்கடையும் பூமிக்கடி வாய்க்காலை வெட்டின. பல தாரைகள் வறண்டன. மேலே ஒருவர் பள்ளம் தோண்டினால் கீழே ஒரு தெருவே குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் அந்த மக்கள் விட்டுவிடவில்லை. 2019-ல் குட்டிகளை முழுவதுமாக அரசின் கீழ் கொண்டுவர ஒரு மசோதா வந்தபோது, காத்மாண்டு வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டது. மசோதா திரும்பப் பெறப்பட்டது. மங்க ஹிட்டிக்கு மேலே இருந்த இரட்டை மண்டபங்கள் 2015 நிலநடுக்கத்தில் விழுந்தன. செதுக்கிய பழைய மரங்களைப் பொறுக்கிச் சேர்த்து, உள்ளூர்த் தச்சர்கள் மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அல்கோ ஹிட்டி. அதே பாட்டனில் ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதி. தாரையிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைத் தெருக்காரர்களே தொட்டியில் சேர்த்து, பம்ப் வைத்து, சிறு கட்டணத்துக்கு வீடுகளுக்குக் குழாயில் விடுகிறார்கள். கட்டணம் பராமரிப்புக்கு. தாரைக்கு நேரே வந்து குடத்தில் பிடிப்பவர்களுக்குக் காசு கிடையாது.

அடுத்த முறை போகிறவர்கள் வடகோடிப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.