ஈயம் கூடத்தோடு நிற்கட்டும்

(எல்.இ.டி. பல்பு தயாரிப்புப் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



எத்தனை பல்பு செஞ்சோம், எவ்வளவுக்கு வித்தோம் என்பதைப் பொருளாளர் அக்கா கணக்கோடு சொல்வார்கள். நான் பேசப் போவது ஒரே ஒரு சாமானைப் பற்றி. நம்ம மேஜையில் ஸ்டாண்டில் நிற்கிற சால்டரிங் அயர்ன்தான் அது. இரண்டு காரணம் இருக்கு. புதுசா நாலு குழுக்காரங்க இந்த வேலைக்கு வரப் போறாங்க. அடுத்தது, "அயர்னை வீட்டுக்குக் கொடுங்க, சமையல் முடிச்சுட்டு மதியத்துல வீட்லயே பத்த வைக்கிறோம்" என்று ஒரு கோரிக்கை வந்திருக்கு. அதற்கு என் மனசில் இருக்கிற பதிலையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

முதல்ல பயத்தைப் பேசிடுவோம். "நாங்க படிக்கலையே, கரண்டு வேலை எங்களுக்கு வருமா?" என்று கேட்கிறீர்கள். ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். அங்கே 1972இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் சூரிய விளக்குக்கு சர்க்யூட் பத்த வைக்கக் கற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் இருந்தெல்லாம் பாட்டிமார்கள் வந்து ஆறு மாதம் தங்கிப் படித்துப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியாது. பாகங்களின் நிறத்தைப் பார்த்தும், கையால் செய்து காட்டியும்தான் பாடம். அவர்களுக்கு வந்தது நமக்கு வராதா?

இந்த வேலையை நாம் ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் என்ன செய்வார்? பாத்திரத்தை நன்றாகத் தேய்ப்பார், சூடாக்குவார், நவச்சாரப் பொடியைத் தூவுவார், ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். பாத்திரம் பளபளன்னு ஆயிடும். அழுக்கு இருந்தால் ஈயம் ஒட்டாது, சூடு பத்தலைன்னாலும் ஒட்டாது. நம்ம வேலையிலும் அதே கதைதான். நவச்சாரத்துக்குப் பதிலா இங்கே பைன் மரத்துப் பிசின். அது கம்பிக்கு உள்ளேயே இருக்கும், சூடு பட்டதும் உருகி அழுக்கை நீக்கிக் கொடுக்கும். நவச்சாரத்தையும், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பேஸ்டையும் சர்க்யூட்டில் போடாதீங்க. நாளாவட்டத்தில் செம்பை அரித்துவிடும்.

நல்ல ஜாயின்ட் எப்படி வைக்கிறது? தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும். புதுசா வருகிறவர்கள் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு வந்து, குளிர்ந்த கம்பியின் மேல் அப்புகிறார்கள். பார்க்க உருண்டையாக அழகாக இருக்கும். உள்ளே ஒட்டியிருக்காது. முறை இதுதான். முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, ஒரு சொட்டு ஈயம் தொட்டுக்கொள்ளுங்கள். வயரும் தகடும் சேருகிற இடத்தில், இரண்டையும் தொடுகிற மாதிரி முனையை வையுங்கள். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கள். பிறகு ஈயக்கம்பியை அயர்னில் வைக்காமல் அந்தச் சேருமிடத்தில் வையுங்கள். அது தானாக உருகிப் பரவும். முதலில் கம்பியை எடுங்கள், அடுத்து அயர்னை எடுங்கள். ஊதாதீங்க, ஆட்டாதீங்க. இறுகும் வரைக்கும் கை அசையக் கூடாது.

சரியாக வந்த ஜாயின்ட், சின்னக் கோபுரம் மாதிரி ஓரம் சரிந்து, பளிச்சென்று இருக்கும். உருண்டு நின்றாலோ, மங்கிச் சொரசொரவென்று இருந்தாலோ மறுபடி சூடு காட்டுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கடைகளிலிருந்து திரும்பி வந்த பல்புகளைப் பிரித்துப் பார்க்கிற வேலை என்னுடையது. நிறைய பல்பில் எல்.இ.டி.யும் டிரைவரும் நல்லா இருக்கு. வயர் ஜாயின்ட் மட்டும் விட்டிருக்கு. ஒரு பல்பில் நமக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திரும்பி வந்தால் பஸ் செலவு, பிரித்துச் சரி பண்ணுகிற நேரம், கடைக்காரரின் முகம், எல்லாம் சேர்ந்து நாலைந்து பல்பின் லாபத்தைத் தின்றுவிடும். ஒண்ணு ரெண்டு எண்ணுகிற நேரத்தை மிச்சம் பிடித்தால் கிடைக்கிற பலன் இதுதான்.

எல்.இ.டி. ஒட்டியிருக்கிற தட்டு அலுமினியம். அது சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். டிரைவர் போர்டுக்குப் போதுமான 25 வாட் அயர்ன் அங்கே தடுமாறும். கூர் முனையை வைத்து அழுத்திப் பிரயோஜனமில்லை. அகலமான பிட்டும் கொஞ்சம் கூடுதல் வாட்டும் உள்ள அயர்னை எடுங்கள். இன்னொன்று, பிட்டை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்காதீங்க. இப்போது வருகிற பிட்டில் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். அது போனால் பிட் போச்சு. வேலை முடிந்ததும் முனையில் கொஞ்சம் ஈயம் விட்டு அணையுங்கள், துரு ஏறாது.

அடுத்தது கரண்டு. அயர்னுக்கு மூணு பின் பிளக்தான் வேண்டும், எர்த் உள்ள பாயிண்டில்தான் சொருக வேண்டும். அயர்னுடைய வயர் அயர்னின் முனையிலேயே பட்டு உருகுவது இந்த வேலையில் நடக்கிற விபத்து. தினமும் சொருகுவதற்கு முன்னால் வயரை ஒரு தடவை கையால் நீவிப் பாருங்கள். பார்க்காமல் சுவிட்ச் போடாதீங்க. மேஜைக்குக் கீழே வயர் தொங்கினால் யாராவது காலில் இழுப்பார்கள். அயர்ன் விழுந்தால் பிடிக்கப் போகாதீங்க. விழட்டும், அயர்ன் போனால் வாங்கிக்கொள்ளலாம். முனை 350 டிகிரி வரைக்கும் சூடாக இருக்கும், தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். நைலான் சேலை பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கட்டுங்கள், முந்தானையைச் செருகுங்கள், பின்னலை மேலே தூக்கிக் கட்டுங்கள். நீண்ட காலை கட்டரால் நறுக்கும்போது துண்டு கண்ணுக்குப் பறக்கும். கண்ணாடி போடுங்கள்.

பல்பை எரிய விட்டுப் பார்த்த பிறகு உடனே உள்ளே கை வைக்க வேண்டாம். 230 வோல்ட் கரண்டு டிரைவருக்குள் போய் மாறும்போது, அங்கே இருக்கிற கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரைக்கும் ஏறி நிற்கலாம். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே இறங்கிவிடாது. ஹோல்டரில் இருந்து கழற்றி, மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கரண்டு இருக்கும்போது பத்த வைக்கவே கூடாது. நம்ம கூடத்து மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

கை சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். ஒரு நிமிஷம் போதாது, 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், பேனா மை வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீங்க. பெரிய காயம் என்றால் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம்.

"ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிச்சவங்க நாம, இந்த ஈயம் நம்மள என்ன பண்ணும்?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாம் ஒரே பேரில் இரண்டு உலோகத்தைக் கூப்பிடுகிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடையில் "லெட்" என்று கேட்டால் தருகிற கம்பியில் நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். இரண்டும் கலந்ததால் சீக்கிரம், 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வேலைக்கு வசதி. ஆனால் காரீயம் விஷம். ஓட்டைப் பாத்திரத்தை இந்தக் கம்பியால் அடைக்கலாமா என்று யாரும் யோசிக்கக் கூடாது.

பத்த வைக்கும்போது வருகிற புகை காரீயம் இல்லை. அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகாது. அது பிசின் புகை. அதுவும் நல்லதில்லை, தொடர்ந்து மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதனால் முகத்தைக் குனிந்து வைக்காதீங்க. புகையை இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி ஃபேன் வேண்டும்.

காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக, வாய் வழியாக. கம்பியைப் பிடித்த கையோடு டீ குடிக்கிறோம், முறுக்கு தின்கிறோம், வெற்றிலை போடுகிறோம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கிறோம். நமக்கு ஒரு பங்கு கெடுதல் என்றால் பிள்ளைகளுக்குப் பல பங்கு. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்கிற பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் தாயிடமிருந்து போய்ச் சேரும்.

இப்போது அந்தக் கோரிக்கைக்கு வருகிறேன். வீட்டுக்குக் கேட்கிற சகோதரிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். கைப்பிள்ளை இருக்கு, மாமியாருக்கு முடியலை, கூடத்துக்கு வந்து போக ஒரு மணி நேரம் ஆகுது. ஆனாலும் என் பதில், வேண்டாம். நம்ம வீடுகளில் பத்த வைக்கிற இடமும், சாப்பிடுகிற இடமும், பிள்ளை தவழ்கிற இடமும் ஒரே தரைதான். சிந்துகிற ஈயத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது. தவழ்கிற பிள்ளை கையை எங்கே வைக்கும்? உடனே வாயில்தான் வைக்கும். மாசம் சில நூறு ரூபாய்க்காக அதைச் செய்ய வேண்டியதில்லை.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்தச் சகோதரியின் வருமானம் போகும், அது நியாயமில்லை. பல்பு வேலையில் ஈயம் தொடாத வேலைகள் இருக்கின்றன. மூடி பொருத்துவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, அட்டைப் பெட்டி மடிப்பது, எண்ணிக் கட்டுவது. இவற்றை வீட்டுக்குக் கொடுப்போம். பத்த வைப்பது மட்டும் கூடத்தில் நடக்கட்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மாரையும் கூலி குறையாமல் இந்த வேலைகளுக்கு மாற்றுவோம்.

கூடத்திலும் ஒழுங்கு வேண்டும். மேஜையில் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம். எழுந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ. தரையைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை நேரத்துக்கென்று ஒரு பழைய சட்டை கூடத்திலேயே இருக்கட்டும், அதை வீட்டுத் துணியோடு ஊற வைக்க வேண்டாம். சிந்திய ஈயத்தைத் தகர டப்பாவில் சேருங்கள், குப்பையில் கொட்டாதீங்க. காரீயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது. விலை கூடுதல், உருக 217 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும், ஜாயின்ட் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற அயர்ன் வாங்கும்போது அதற்கு மாறிவிடலாம்.

"இதுக்கெல்லாம் காசு?" என்று கேட்பீர்கள். உள்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். ஃபேன், ஸ்டாண்டு, கண்ணாடி, ஆர்.சி.சி.பி., சோப்பு, இவையும் பல்புக்கு ஆகிற செலவுதான். டிரைவர் வாங்குகிற மாதிரி, அட்டைப் பெட்டி வாங்குகிற மாதிரி முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். லாபம் பிரித்த பிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால், மிச்சம் என்றைக்கும் இருக்காது.

ஆகவே தலைவி அவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. பத்த வைக்கிற வேலை கூடத்தில் மட்டும் நடக்கும், ஈயம் தொடாத வேலை வீட்டுக்குத் தரப்படும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் கூலி குறையாமல் வேலை மாற்றப்படும். பாதுகாப்புச் செலவு லாபம் பிரிப்பதற்கு முன்னால் எடுத்து வைக்கப்படும். இந்த மூன்றையும் இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் மேஜையில் இருப்பேன். புதுசா வந்தவர்கள் ஆளுக்குப் பத்து ஜாயின்ட் வைத்துக் காட்டிவிட்டுப் போகலாம். கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.