டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாத சங்கதி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'பி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் நம் போர் தண்ணீரின் டி.டி.எஸ். பற்றி அரை மணி நேரம் பேசினோம். அந்த மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் சொல்லும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருக்கலாம், ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருவோம். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே பல ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் நின்றுதான் மீனவர்கள் இறால் பிடிக்கிறார்கள். அதில் ஈயம், காட்மியம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதாதா என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் வழியிலேயே கொஞ்சம் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நம் கையிலிருந்தும் மூடியிலிருந்தும் கொஞ்சம் உள்ளே போகும். கடல்நீரில் முன்பு அளந்த ஈயத்தில் பெரும்பகுதி, பாத்திரத்திலும் லேபிலும் சேர்ந்த அழுக்குதான் என்று அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் காட்டினார். அதோடு, முகத்துவாரத்தில் சுமார் ஆறு மணிக்கொரு முறை ஓதமும் வற்றமும் மாறும். காலையில் பிடித்த தண்ணீர் மாலைத் தண்ணீர் அல்ல.

அதனால்தான் கருவியையே படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்று பெயர். உண்டியலில் சில்லறை சேர்த்து, பிறகு பிரித்து எண்ணுவது போலத்தான். சில நிமிடம் மின்னழுத்தம் கொடுத்தால் உலோகங்கள் மின்முனையில் வந்து படியும். பிறகு அழுத்தத்தை மெல்ல மாற்றினால், ஒவ்வொரு உலோகமும் அதற்கே உரிய அழுத்தத்தில் கழன்று போகும். அப்போது ஓடும் மின்சாரத்தை வைத்து அளவு தெரியும். லேப் இயந்திரங்களுக்குத் தொல்லை தரும் கடல் உப்பு, இங்கே மின்சாரம் கடத்த உதவுகிறது. ஈயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம் நான்குக்கும் இது நன்றாக வேலை செய்யும். எல்லா உலோகத்துக்கும் ஆகாது. மட்கிய பொருள் மின்முனையில் படிந்தால் கணக்குத் தவறும். எனவே லேபும் வேண்டும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு யாராவது "எண்ணூர் தண்ணீர் விஷம்" என்றோ "எல்லாம் சுத்தம்" என்றோ ரிப்போர்ட் போட்டால், மூன்று கேள்வி கேளுங்கள்: ஓதத்திலா வற்றத்திலா எடுத்தது? வடிகட்டினார்களா? சுத்தமான நீரையும் அதே பாட்டிலில் வைத்துச் சோதித்தார்களா? பதில் இல்லையென்றால் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஒரு தப்பான எண், மீன் விற்கிற அம்மாவின் பிழைப்பையும் கெடுக்கும். உண்மையான ஆபத்தையும் மறைக்கும்.