அலைவரிசை மக்களுடையது, ஆட்டம் யாருடையது?

(தில்லித் தமிழ்த் தோழர்களின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எனப் பேசவேண்டியவை குவிந்து கிடக்கும்போது, தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்ப்பதற்கான கட்டணம் ஒரு பொருளாகுமா என்னும் ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். அந்த ஐயத்தையே தொடக்கமாகக் கொள்கிறேன்.

சந்தா என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் சந்தா சேர்ப்பு இயக்கம் நடத்துகிறோம். வீடு வீடாகச் செல்கிறோம். நாம் சேர்க்கும் சந்தா ஒருவரை உள்ளே அழைத்து வருகிறது. அவரால் கட்ட இயலாமற் போனாலும் படிப்பகத்து மேசையில் இதழ் அவருக்காகக் கிடக்கும். தொலைக்காட்சி நிறுவனங்களின் விளையாட்டுச் சந்தாவோ வேறு வகை. அதற்கு முன்னொட்டாக 'எக்ஸ்க்ளூசிவ்' என்றொரு சொல்லைச் சேர்க்கிறார்கள். 'பிரத்தியேக' என்று அதைத் தமிழாக்குகிறோம். அதில் ஏதோ தனி மரியாதை ஒலிக்கிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் வெளியே நிறுத்திக் கதவடைத்தல் என்பதாகும். தமிழாக்கத்தில் மறைந்துபோகும் அந்தக் கதவடைப்பைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி, கேபிளோ டிடிஎச்சோ வைத்திருக்கும் வீடு 2024 ஜூலை வரை மாதந்தோறும் 130 ரூபாய் வரை அடிப்படைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. இது வாசற்படிக் கட்டணம் மட்டுமே. கட்டணச் சேனல் எதுவும் இதில் வராது. தொகுப்பில் சேர்க்கப்படும் ஒரு சேனலுக்கு உச்சவிலை 19 ரூபாய். வரியுடன் 22 ரூபாய் 42 காசு. ஆக, 19 ரூபாய் விலையுள்ள ஒரே ஒரு விளையாட்டுச் சேனலை ஆண்டு முழுவதும் பார்க்க அப்போது 2,109 ரூபாய்க்கு மேல் ஆனது. 2024–25இல் உத்தரப்பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 237 ரூபாய். ஏறத்தாழ 9 நாள் உழைப்பு! அதுவும் ஒரு சேனலோடு முடிவதில்லை. உள்நாட்டுத் தொடர் ஒரு நிறுவனத்திடம், அயல்நாட்டுப் பயணம் மற்றொன்றிடம், கால்பந்து வேறொன்றிடம் என உரிமைகள் சிதறிக் கிடக்கின்றன. வேண்டிய ஒன்றைப் பெற வேண்டாத பத்தையும் தலையில் கட்டும் தொகுப்புமுறை இதற்குத் துணை. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் நீக்கிவிட்டது. விலை ஏறும்போது வசைகேட்பவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கேபிள் ஊழியர். விலையை நிர்ணயித்தவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

"காசுள்ளவர் பார்க்கட்டும், இல்லாதவர் விட்டுவிடட்டும்; சந்தையில் எல்லாப் பொருளுக்கும் அதுதானே நியதி" என்பார்கள். விற்கப்படும் பொருள் யாருடையது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

1993இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளின் ஒளிபரப்பு தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து; அவற்றைப் பொதுநலன் கருதியே பயன்படுத்த வேண்டும்; அரசின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் கூடாது என்பது அதன் சாரம். தூர்தர்ஷனின் பிடி தளர்ந்தது. அந்தப் பிடி மக்கள் நலன் காத்த பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தீர்ப்பின் முதற்பாதியைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்த மூலதனம், தனியார் ஏகபோகமும் கூடாது என்ற மறுபாதியை வசதியாக மறந்துவிட்டது.

2007 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து மேற்கிந்தியத் தீவுகள் அணி ஆடிய தொடரை ஒட்டி, ஒளிபரப்பைப் பகிர்வதில் தனியார் நிறுவனத்துக்கும் பிரசார் பாரதிக்கும் மோதல் மூண்டது. முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமாகவும் விளையாட்டு ஒளிபரப்புப் பகிர்வுச் சட்டம் பிறந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்படும் போட்டிகளின் நேரலையை, விளம்பரம் நீக்கி, பிரசார் பாரதியுடன் பகிர்ந்தாக வேண்டும். அதில் கிட்டும் விளம்பர வருவாயில் குறைந்தது 75 விழுக்காடு உரிமையாளருக்கே சேரும் என்றது சட்டம். பறிமுதல் எதுவுமில்லை, முக்காற்பங்கு வருமானத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு மக்கள் பார்ப்பதற்கு ஒரு சாளரம் கேட்ட எளிய ஏற்பாடு அது.

அந்தச் சாளரமும் பின்னர் குறுகியது. பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிச் சேவைக்கும் அதன் சொந்த டிடிஎச் சேவைக்கும் மட்டுமே உரியது. கேபிள் வழியாகவோ தனியார் டிடிஎச் வழியாகவோ செல்லக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் வாசகம் அவ்வாறு அமைந்திருந்தது; நாடாளுமன்றம் அதைத் திருத்தியிருக்கலாம். இன்றுவரை திருத்தவில்லை. விளைவு விந்தையானது: டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் சந்தா இன்றி இந்திய அணியின் ஆட்டத்தைப் பார்க்கிறார். மாதந்தோறும் பணம் கட்டும் கேபிள் வீட்டில் அதே தூர்தர்ஷனைத் திருப்பினால் வேறு நிகழ்ச்சி ஓடுகிறது. பொது ஒளிபரப்பு நிறுவனம் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குத் திறந்தும் அடுத்த வீட்டுக்கு மூடியும் கிடக்கிறது.

இதற்கிடையே ஆட்டம் கைபேசிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் கேபிளையும் டிடிஎச்சையும் பேசுகிறது, இணையத்தைப் பேசவில்லை. அந்த வெற்றிடத்தில் நடந்தவற்றைக் கால வரிசையில் பாருங்கள். 2022 ஜூனில் ஐபிஎல்லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஆட்டமொன்றுக்கு 118 கோடி. தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி ஸ்டாரும் இணைய உரிமையை ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம்18உம் பெற்றன. 2023இலும் 2024இலும் ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாகக் காட்டியது. போட்டியாளரான ஹாட்ஸ்டாரும் 2023 உலகக்கோப்பையைக் கைபேசியில் இலவசமாக்கியது. மக்கள் மகிழ்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் இரு குழுமங்களின் இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் நிபந்தனைகளுடன் ஒப்புதல் தந்தது. நவம்பரில், 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே நிறுவனம் உருவானது. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது, இலவசம் போனது. ஒரே ஒரு கைபேசியில் பார்க்க மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்றார்கள். குறிப்பிட்ட தொகைக்கு ஜியோ ரீசார்ஜ் செய்தால் 90 நாள் சலுகை என்றார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ அலைபேசிச் சேவை இலவசமாகத் தொடங்கியதை நினைவுகூருங்கள். முதலில் இலவசம், பிறகு போட்டியாளர் நலிவு அல்லது இணைப்பு, அதன் பிறகு கட்டணம் என்பது ஏகபோகத்தின் பழைய பாடம். இணைப்புக்குப் பின் ஐபிஎல் உரிமையும், 2023இல் 5,963 கோடிக்கு விற்கப்பட்ட இந்திய அணியின் உள்நாட்டுப் போட்டிகளின் உரிமையும், ஐசிசி போட்டிகளின் உரிமையும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. 1995 தீர்ப்பு எச்சரித்த ஏகபோகம் நம் வரவேற்பறையில் வந்து அமர்ந்துவிட்டது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, உரிமைப் பணம் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பது. பணம் வேண்டும்தான், விளையாட்டு வீரர் உழைப்பாளி, அவருக்கு ஊதியம் வேண்டும். ஆனால் ஆட்டத்தை உருவாக்கியது அந்தப் பணம் மட்டுமா? பிசிசிஐ என்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சங்கம். அது பொதுக் கடமைகளை ஆற்றும் அமைப்பு என்று 2015இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஐபிஎல் நடத்துவதால் அதன் அறநோக்கு மாறிவிடவில்லை என்று கூறி, 2021இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு அதன் வரிவிலக்குப் பதிவை நிலைநிறுத்தியது. இந்தத் தில்லியின் கோட்லா மைதானமும் சென்னையின் சேப்பாக்கம் மைதானமும் அரசு நிலத்தில் குத்தகைக்கு நிற்பவை. அணி பூணுவது நாட்டின் பெயர். வரிவிலக்குக் கேட்கும்போது பொதுநலச் சங்கம், மக்கள் பார்க்கக் கேட்கும்போது தனியார் சரக்கு என இரு முகம் எப்படிப் பொருந்தும்? மேலும், பார்வையாளர் இருமுறை பணம் தருகிறார்: ஒருமுறை சந்தாவாக, மறுமுறை விளம்பரச் செலவு ஏற்றப்பட்ட சோப்பின் விலையாக. ஆட்டத்தைப் பார்க்கவே முடியாதவரும் அந்தச் சோப்பை வாங்குகிறார்.

இரண்டாவது, இது அரிசியோ மருந்தோ அன்று என்பது. உண்மை. எனினும் எட்டுமணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளி வர்க்கம், எட்டுமணி நேர உறக்கத்தையும் எட்டுமணி நேரம் தன் விருப்பப்படி வாழும் உரிமையையும் சேர்த்தே கேட்டது. ஓய்வும் களிப்பும் உடையவர்க்கே உரியவை என்று நாம் ஒப்புக்கொண்டால், மே தினத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

மூன்றாவது, நம் தோழர்களிடமிருந்தே வரும்: "கிரிக்கெட் மக்களை மயக்கும் போதை, எட்டாக்கனியானால் நல்லதுதானே?" இப்படிச் சொல்வது எளிது. சுவரின் அந்தப் பக்கம் நிற்பவர்களின் களிப்பை இழிவாகக் கருதுவது நம் மரபன்று. கட்டணச் சுவர் வணிகமயத்தைக் குறைப்பதில்லை. அதன் வருவாயைப் பெருக்குகிறது. ஏழையின் பிள்ளை ஆட்டத்தைப் பார்க்காமற்போனால் ஆடக் கற்பதற்கான முதற்பள்ளியை இழக்கிறது.

மாற்று வழிகள் உண்டா? முதலாளித்துவ பிரிட்டனிலேயே ஒலிம்பிக், விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள், எஃப்.ஏ. கோப்பை இறுதி முதலியவை இலவசத் தொலைக்காட்சிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. 1998இல் உள்நாட்டு டெஸ்ட் கிரிக்கெட்டை அந்த முழுப் பாதுகாப்பிலிருந்து அரசு விடுவித்தது. 2005 ஆஷஸ் தொடருக்குப் பின் அது கட்டணச் சேனலுக்குள் சென்றது. 2019 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஆடியபோதுதான், உரிமை பெற்ற நிறுவனம் இணங்கியதால், மீண்டும் இலவச நேரலை கிட்டியது. இடைப்பட்ட 14 ஆண்டுகளும் ஓர் அரசியல் முடிவின் விளைவு. அர்ஜென்டினாவிலோ 2009இல் கிறிஸ்டினா ஃபெர்னாண்டஸ் அரசு, 'அனைவருக்கும் கால்பந்து' என்னும் திட்டத்தின் வழியே கட்டணச் சேனலிடமிருந்து லீக் ஆட்டங்களை மீட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் காட்டியது. 2017இல், மக்ரியின் வலதுசாரி ஆட்சியில், அத்திட்டம் முடிவுக்கு வந்தது. மூடியதும் திறந்ததும் மீண்டும் மூடியதும் அரசுகளின் முடிவுகளே. இயற்கை விதி எதுவுமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பகிரப்படும் ஒளிபரப்பு கேபிளிலும் எல்லா டிடிஎச்சிலும் தூர்தர்ஷன் வழியே செல்லுமாறு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இணைய ஒளிபரப்பையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்து, தேசிய முக்கியத்துவம் பெற்ற ஆட்டங்களைப் பிரசார் பாரதியின் செயலியில் கட்டணமின்றித் தர வழிசெய்ய வேண்டும். ஆண்கள் கிரிக்கெட்டுக்கு நிகராக மகளிர் ஆட்டங்களையும் ஹாக்கி, கால்பந்து, கபடி ஆகியவற்றையும் அந்தப் பட்டியல் மதிக்க வேண்டும். வேண்டாத சேனல்களைத் தலையில் கட்டும் தொகுப்புமுறையைக் கட்டுப்படுத்தி, அடிப்படைக் கட்டணத்துக்கு மீண்டும் உச்சவரம்பு விதிக்க வேண்டும். எல்லா உரிமைகளும் ஒரே கையில் குவிவதைத் தடுக்க வேண்டும்.

இவை புரட்சிகரக் கோரிக்கைகள் அல்ல; ஏற்கெனவே நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஏற்ற கோட்பாட்டை நிறைவேற்றுமாறு கேட்பவையே. ஆனால், கேட்பவர் இல்லாவிடில் அதுவும் நடவாது. கேபிள் கட்டண உயர்வைப் பற்றி உங்கள் குடியிருப்பில் யாரேனும் அலுத்துக்கொண்டால், அந்த அலுப்பை அற்பமென்று கடந்துவிடாதீர்கள். அலைவரிசை யாருடையது என்னும் பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். கேபிள் ஊழியரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் நம் பக்கத்தவர்.