ஒரே உப்பு, இரண்டு விளைவு

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவியிருப்பார்கள். ஊறவைத்து அலசினால் அந்த உப்பெல்லாம் கழிவுநீரில். இந்த ஆலைக் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

அதே உப்பை 801 டிகிரி செல்சியஸில் உருக்கி மின்சாரம் பாய்ச்சுங்கள்: எதிர்முனையில் சோடியம், நேர்முனையில் குளோரின். தண்ணீரில் கரைத்துப் பாய்ச்சினால் சோடியம் வராது! எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதில் தண்ணீர் முந்திக்கொள்ளும். ஹைட்ரஜன் குமிழ்விடும், கரைசலில் காஸ்டிக் சோடா மிஞ்சும். நேர்முனையில், கரைசல் அடர்த்தியாக இருந்தால் குளோரின். மிகவும் நீர்த்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன்.

மேட்டூரில் இரண்டு வழியும் தொழிலாகவே நடந்தன: உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடா, உருகிய கிரயோலைட்டில் அலுமினாவைக் கரைத்து அலுமினியம்.

தோல் கழிவுநீரையே நேராக இப்படிப் பிரிக்கலாமே என்பீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பும் புரதமும் மின்கலத்தைப் பாழாக்கிவிடும். முதலில் அவற்றை நீக்கியாக வேண்டும்.