பொதுப் பள்ளிக்கூடம் யாருடையது?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கும் விஷயம் பள்ளிக்கூடம் என்பதாகும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, மணி அடித்தால் பிள்ளைகள் போகிறார்கள், மணி அடித்தால் திரும்புகிறார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தத் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கங்களில் அந்த வாசற்படியை மிதிப்பதற்கே நம் பாட்டன்மார்கள் என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்தால், இன்று அதே வாசலை நாம் எவ்வளவு அலட்சியமாய் விட்டு விலகுகிறோம் என்பதும் தெரியும்.

'பொது' என்றால் எல்லோருக்கும் என்பதுதானே அர்த்தம்? 1919-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் ஒரு கணக்கைப் பார்த்தது. பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிக்கூடங்கள் 8,157. அவற்றில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டவை 609. மற்றவைகளெல்லாம் யாருக்குப் பொது? காரணம் கேட்டால், பள்ளிக்கூடம் அக்கிரகாரத்தில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, சாவடியில் இருக்கிறது என்றார்கள். அதாவது பள்ளிக்கூடம் பொது. அதற்குப் போகிற தெரு பொதுவல்ல. வரி வாங்குகிறபோது மாத்திரம் யாருடைய பணத்திலும் தீட்டு ஒட்டவில்லை போலும்!

தெருவை விடுங்கள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அக்காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் செங்கற்பட்டு ஜில்லா. மிராசு பாத்தியதை கெட்டியாய் இருந்த ஜில்லா. நிலம் மிராசுதாரனுடையது என்பதோடு நிற்கவில்லை. பண்ணையாள் குடிசை போட்டிருந்த மனைக்கட்டும் தன்னுடையது என்று மிராசுதாரன் சாதித்தான். ஆகவே ஒரு பண்ணையாள் தன் மகனை மாடு மேய்க்க அனுப்பாமல் எழுத்துப் படிக்க அனுப்பினால், "என் மனையை விட்டுப் போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடும்பம் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். காலின் கீழ் இருக்கும் மண்ணே தன்னுடையதல்லாதவன், பிள்ளை படிப்பதற்கு யாரிடம் வாதாடுவான்?

1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டர் ஸ்தானத்திலிருந்த டிரமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர், பறையர் மக்களுடைய நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலமும் மனையும் கல்வியும் கொடுக்காமல் இவர்கள் தலையெடுக்க முடியாது என்பது அதன் கருத்து. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லுகிற ஏற்பாடும், 1893-ல் பஞ்சமர் கல்விக்கென்று போட்ட உத்தரவும் இதையொட்டித்தான் பிறந்தன. நமது தேசபக்தர்களுக்குத் தெரியாத இந்தச் சங்கதி, கடல் கடந்து வந்த ஓர் உத்தியோகஸ்தருக்குத் தெரிந்தது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

திருவள்ளூரில் கௌடி பேரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருப்பது உங்களுக்குத் தெரியும். கௌடி என்பவர் வெஸ்லியன் சபைப் பாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வட்டாரத்துச் சேரிகளில் வேலை செய்தவர். அவர் தம் மதத்தைப் பரப்ப வந்தவர்தான். அதில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் சாஸ்திரம் படித்தவர்கள் 'எட்டி நில்' என்று சொன்ன பிள்ளையை 'உள்ளே வா' என்று அழைத்தது யார் என்று கேட்டால், நாம் பொய் சொல்ல முடியுமா?

பிறகு 1920-ஐ ஒட்டி லேபர் கமிஷனர் என்கிற உத்தியோகம் ஏற்பட்டு, சேரிகளில் லேபர் பள்ளிக்கூடங்கள் வைக்கப்பட்டன. குடியிருக்க மனையும் வாங்கிக் கொடுக்கப்பட்டது. மனையும் பள்ளியும் ஒரே இலாகாவில் இருந்த பொருத்தத்தைக் கவனியுங்கள். இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று நடப்பவை அதன் வாரிசுகளே. அதே 1920-ல் சென்னை நகரசபையில் தியாகராயர் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் மத்தியான உணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்று கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

இதெல்லாம் நடந்த பிறகும், 1953-ல் ஆச்சாரியார் என்ன செய்தார்? கிராமத்துப் பிள்ளை மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். வக்கீல் மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் டவுனில் முழு நேரமும் படிப்பான். பழவேற்காட்டு வலைக்காரன் மகன் வலைக்கும், வெட்டியான் மகன் சுடுகாட்டுக்கும் போகவேண்டும்! நாட்டில் கிளம்பிய எதிர்ப்பில் 1954-ல் அவர் பதவியும் போயிற்று, திட்டமும் போயிற்று. அடுத்து வந்த காமராசர் காலத்தில்தான் பள்ளிச் சம்பளம் படிப்படியாய் ஒழிந்து, மத்தியான உணவும் ஊருக்கு ஊர் பரவிற்று.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது. இரும்பு ஆலைகள் வந்தன. தேர்வாய்க் கண்டிகையில் ஊரார் மாடு மேய்த்த நிலத்தில், அவர்கள் போராடியும் கேளாமல், தொழிற்பேட்டை எழுந்தது. அதனால் நம்மவர்களுக்கு வேலை வந்ததா என்று கேட்டால், உலைக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு எழுத்து வேண்டாம், மிஷினைப் படித்துப் பார்க்கிற வேலைக்கு வேண்டும் என்பதுதான் பதில். நிலம் கொடுத்தவன் பிள்ளை எந்த வேலையில் நிற்பான் என்பதை ஆலை முதலாளி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தாரா இல்லையா என்பதும் தீர்மானிக்கிறது.

அப்படி ஓர் ஆளின் மதிப்பென்ன என்பதைப் பள்ளிப்பட்டுப் பக்கத்து வெளியகரம் காட்டிற்று. ஆந்திராவிலிருந்து 1960-ல் நம்மோடு வந்து சேர்ந்த எல்லைப் பிரதேசம் அது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த ஓர் இளம் ஆசிரியரை 2018 ஜூனில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், போகவிடவில்லை. பெற்றோரும் கூடி நின்றார்கள். உத்தரவைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. சாமி ஊர்வலத்துக்குத் தேர் வடம் பிடிக்க ஆயிரம் பேர் கூடுகிற நாட்டில், ஒரு உபாத்தியாயரைப் பிடித்து நிறுத்தப் பிள்ளைகள் கூடினார்கள் என்ற செய்தியைப் படித்தபோது நமக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. அதோடு ஒரு துக்கமும் உண்டு. ஓர் ஆசிரியர் போனால் பள்ளியே போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிற அளவுக்கு நாம் பள்ளியை வைத்திருக்கிறோமே!

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. நம் ஜில்லாவின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாய் வருகிறார்கள். சூளை நடக்கிற மாதங்களில் அவர்கள் பிள்ளைகள் இங்கே, மழைக்காலத்தில் அங்கே. இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் பெயர் நிலைப்பதில்லை. அன்றைக்குப் பண்ணையாள் மகனுக்கு மனைக்கட்டு எதுவோ, இன்றைக்கு இவர்களுக்கு முன்பணம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையிலேயே பாடம் சொல்லச் சூளைப் பக்கங்களில் ஏற்பாடு செய்ததுண்டு. நல்ல காரியந்தான். 'அவன் வேற்று நாட்டான், நமக்கென்ன' என்று உங்களில் யாராவது நினைத்தால், 1919-ல் அக்கிரகாரத்தான் பேசிய பேச்சைத்தான் நீங்களும் பேசுகிறீர்கள் என்று சொல்லுவோம்.

கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் இப்போது வட்டிக்குக் கடன் வாங்கிப் பிள்ளைகளை வேன் ஏற்றி அனுப்புகிறார்கள். நாம் அவர்களைத் திட்ட வரவில்லை. பிள்ளை நன்றாயிருக்க வேண்டுமென்ற ஆசையில் குற்றமில்லை. ஆனால் வாய் உள்ளவன், அதிகாரியிடம் போய்க் கேட்கத் தெரிந்தவன், முதலில் விலகிவிடுகிறான். மிஞ்சுகிறவள் கூலிக்குப் போகிற தாய். அவள் கேட்டால் யார் எழுந்து நிற்பார்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் வைத்தியப் படிப்பில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கியிருக்கிறது. கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். இவையெல்லாம் அந்தப் பள்ளியில் பிள்ளை இருந்தால்தானே கிடைக்கும்?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராயிருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் என்று இங்கே கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலி போனாலும் போங்கள். தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் ஒன்றுதானா, பெண் பிள்ளைகளுக்குக் கக்கூசில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாய் இல்லை என்று கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.