பவழமல்லி வளர்ப்பு

நாம் பவழமல்லி என்று வழங்கும் செடியை இந்தி பேசுவோர் ஹர்சிங்கார் என்பர். வங்காளிகள் சியூலி என்பர். சரத்காலம் பிறந்து துர்க்கா பூஜை நெருங்கிவிட்டது என்பதை வங்க நாட்டாருக்கு அறிவிக்கும் மலர் இது. மேற்கு வங்காளம் இதனையே தன் மாநில மலராகக் கொண்டுள்ளது.

தாவர நூலறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு இட்ட பெயருக்கு, 'இரவில் மலரும் துயர மரம்' என்பது பொருள். மாலையில் அவிழ்ந்து, விடியலில் உதிர்ந்துவிடுவதால் வந்த பெயர் அது. நம் முன்னோரோ இதில் துயரம் காணவில்லை. தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்னும் விதிக்குப் பவழமல்லியை மட்டும் விலக்காக்கினர். இதன் செம்மஞ்சள் நிறக் காம்பைக் கொதிக்கவைத்துப் பட்டுக்குச் சாயமும் ஏற்றினர்.

வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் இச்செடிக்குப் போதுமானவை. ஈரடி ஆழக் குழி வெட்டி, மக்கிய எருவும் மணலும் மண்ணுடன் கலந்து நிரப்புக. காசு போன்று தட்டையான காயில் இரண்டு அறைகள் உண்டு. அறைக்கு ஒரு விதை. முற்றி உலர்ந்த விதையை விதைக்கலாம். மழைக்காலத்தில் கிளையை வெட்டி நட்டும் வேர்பிடிக்கச் செய்யலாம். முற்றத்தில் நிலம் இல்லாதோர் பெரிய தொட்டியில் வைத்து, கிளைகளை ஒடுக்கி வளர்க்கலாம்.

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறேன். பூத்து ஓய்ந்தபின், குளிரும் வறட்சியும் மிகும்போது, இச்செடி இலைகளை உதிர்த்துவிடும். சொரசொரப்பான இலைகள் யாவும் போய், வெறுங் குச்சிகளே நிற்கும். செடி பட்டுவிட்டது என்று எண்ணிப் பிடுங்கி எறிவோர் பலர். பிழைப்பிக்கும் ஆவலில் நாள்தோறும் நீர் ஊற்றி வேரை அழுகச் செய்வோரும் உளர். இரண்டும் வேண்டா. கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் செடி உயிரோடிருக்கிறது, உறங்குகிறது, அவ்வளவே. ஒரு கிளை உலர்ந்திருந்தால் அடிமரத்தையும் கீறிப் பார்த்த பின்னரே முடிவு செய்க. இக்காலத்தில் மண் முற்றும் காய்ந்துவிடாதபடி சிறிதளவு நீர் விட்டால் போதும்.

தில்லி போன்ற இடங்களில் உறைபனி விழும் இரவுகளில் இளஞ்செடியைச் சாக்கினால் மூடிக் காக்கவேண்டும். காலையில் அதனை எடுத்துவிடுக.

புதிய தளிர்க் கிளைகளிலேயே பூ வரும். ஆதலால், தளிர் விடுவதற்கு முன், மாசி பங்குனியில் கிளைகளைக் கழித்துவிடுங்கள். ஆடிக்குப் பின் வெட்டினால், அவ்வாண்டின் பூவையே வெட்டியவர்களாவோம்.

இத்துணை எளிய கவனிப்பையன்றி இச்செடி நம்மிடம் வேறொன்றும் கேட்பதில்லை. பூக்களைப் பறிக்கும் வேலையும் இல்லை. இரவில் மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்துவைத்தால், விடிவதற்குள் அதுவே பூக்களைக் கொட்டித் தந்துவிடும்.