மேயோ ஜில்லாவின் முதல் ரயிலும் கடைசி ரயிலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதம் ஒருவர் ஏதாவது ஒரு நாட்டு மக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானித்தோம். இந்த மாதம் என் முறை. "எந்த ஊரைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று செயலாளர் கேட்டார். "மேயோ" என்றேன். "அது எந்த ஜங்ஷன் பக்கம்?" என்றார். (சிரிப்பு)

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேக்கு வந்தவன். பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. மீன் கூடைக்கு பில் போடுகிறேன், மோட்டார் சைக்கிளுக்கு பில் போடுகிறேன். வருஷத்தில் சில தடவை நம் ஆட்களின் சவப்பெட்டிக்கும் பில் போடுகிறேன். சேரும் இடம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதும்போது, அந்த ஸ்டேஷனில் யார் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதனால்தான் மேயோவைப் பற்றிப் படித்தபோது அது என்னை விடவில்லை. அங்கே ஒரு ரயில் பாதை இருந்தது. அந்தப் பாதையின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊரைப் பார்ப்போம்.

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள தீவு. அதை 32 கவுண்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. மேயோ அதில் மேற்குக் கரையோர ஜில்லா. அதற்கு அப்பால் அட்லாண்டிக் கடல். கடல் தாண்டினால் அமெரிக்கா. பரப்பில் அயர்லாந்தின் மூன்றாவது பெரிய கவுண்டி. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு 'யூ மரங்களின் சமவெளி' என்று பொருள். பெயர்தான் சமவெளி. மேற்குப் பாதியில் மலையும் பாறையும் சதுப்பு நிலமும்தான். மரம் குறைவு. சதுப்பு நிலத்துக் கரியை மண்வெட்டியால் செங்கல்போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். மழையும் கடற்காற்றும் ஓய்வதில்லை.

கிளூ விரிகுடா என்று ஒன்று. அதில் நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதன் கரையில் 764 மீட்டர் உயரத்தில் குரோ பேட்ரிக் மலை நிற்கிறது. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறுகிறார்கள், சிலர் செருப்பில்லாமல். நம் பழனிப் பாதயாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். விரிகுடாவுக்கு வடமேற்கே அக்கில் தீவு இருக்கிறது. இந்தத் தீவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மக்கள் ஏன் ஏழையானார்கள்? சோம்பேறிகளா? இல்லை. நிலம் அவர்கள் கையில் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் கிராம்வெலின் படை வென்ற பிறகு, கத்தோலிக்க நிலக்காரர்களின் நல்ல நிலத்தைப் பறித்து, மேற்கே உள்ள கனாட் மாகாணத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் கனாட்டில்தான் மேயோ இருக்கிறது. அங்கேயும் நிலம் மிராசுகள் கையில். உழுதவன் குத்தகைக்காரன். எந்த வருஷமும் வெளியேற்றலாம். அவன் வளர்த்த மாடும் தானியமும் குத்தகைக்குப் போயின. குடும்பம் தின்றது உருளைக்கிழங்கு மட்டும்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பல வருஷம் தொடர்ந்தது. அயர்லாந்து முழுவதும் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். அந்த நேரத்திலும் தானியமும் கால்நடையும் வெளியே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் வருகிறதல்லவா? 1876-78-இல் நம் பக்கம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு செய்தி. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கஜானாவிலிருந்து கை இறுக்கி நடத்திய அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். அதே மனிதர் 1859-இல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தார். எஜமானர்கள் ஊர் மாறுவார்கள். கணக்குப் புத்தகம் மாறாது.

1841-இல் மேயோவில் 3,88,000-க்கு மேல் ஜனங்கள். 1851-இல் சுமார் 2,74,000. பத்து வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. 1971-இல் 1,10,000-க்கும் கீழே வந்தது. இப்போது மெல்ல ஏறி 1,38,000 பக்கம் இருக்கிறது. இன்னும் பழைய தொகையில் பாதிகூட இல்லை. ஊர் ஊராக ரயிலேறிய ஜனங்கள் நாம். இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1846-இல், மேயோவில் ஸ்ட்ரேட் என்ற கிராமத்தில் பிறந்தவர் மைக்கேல் தாவிட். அவருக்கு நாலு வயதில் குத்தகை பாக்கிக்காக வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். குடும்பம் அரசாங்கக் கஞ்சித்தொட்டி விடுதிக்குப் போனது. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளை தாயோடு இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். "பிள்ளையைப் பிரித்துத் தரும் கஞ்சி எனக்கு வேண்டாம்" என்று அந்தத் தாய் அப்போதே வெளியேறிவிட்டாள். கடல் தாண்டி இங்கிலாந்தின் லங்காஷயருக்கு, ஹாஸ்லிங்டன் என்ற மில் ஊருக்குப் போனார்கள். அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்த தாவிட், 11 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தார். நஷ்டஈடு ஒரு காசு கிடையாது. தாய்மார்களே, பிழைக்கப் போன இடத்துக் கதை அன்றும் இதுதான்.

அந்த ஒற்றைக்கைப் பையன் படித்தான். புரட்சி இயக்கத்தில் சேர்ந்தான். 1870-இல் 15 வருஷத் தண்டனை. ஏழு வருஷம் சிறையில் இருந்து 1877 டிசம்பரில் வெளியே வந்தார். 1879-இல் மேயோவில் மறுபடி விளைச்சல் மோசம். அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி ஐரிஷ்டவுன் என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான குத்தகைக்காரர்கள் கூடினார்கள். ஆகஸ்ட் 16-ஆம் தேதி காசில்பார் நகரில் மேயோ நிலச் சங்கம் பிறந்தது. அக்டோபரில் அதுவே அயர்லாந்து முழுவதற்குமான நிலச் சங்கமாயிற்று. நியாயமான குத்தகை வேண்டும், வெளியேற்றக்கூடாது, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் வேண்டும் என்று கேட்டார்கள். 1881-இல் தலைவர்களைச் சிறையில் போட்டபோது பெண்கள் நிலச் சங்கம் வேலையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது.

இந்தப் போராட்டத்தில்தான் உலகத்துக்கே ஒரு சொல் கிடைத்தது. மேயோவில் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பெரிய மிராசுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல் குத்தகைக்காரர்கள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். மிராசு பத்துக்கு மேல் இறங்கவில்லை. காரியஸ்தர் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். ஜனங்கள் அவரை அடிக்கவில்லை, வைக்கோல் போரைக் கொளுத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள்: அவருக்கு வேலை செய்வதை நிறுத்தினார்கள். பண்ணையாட்கள் போய்விட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை. சலவைக்காரி துணி எடுக்கவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. அறுவடைக்கு வட பகுதியிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் பட்டாளத்தார். 500 பவுன் பெறுமான விளைச்சலை எடுக்கப் பத்தாயிரம் பவுன் செலவு என்று அன்று கணக்குப் போட்டார்கள்! நவம்பர் கடைசியில் பாய்காட் ஊரைவிட்டுப் போனார். அவர் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து நம் நாட்டில் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய சொல் இந்த மேயோக் காரியஸ்தரின் பெயர்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்று ஒன்று உண்டு. நிலமுள்ளவர்கள் கூடி, நிலமில்லாத தெருவுக்குத் தண்ணீரையும் கடையையும் மறுப்பார்கள். அதையும் இதையும் ஒன்றாக்கக்கூடாது. அது வலுத்தவன் இளைத்தவனை மிதிப்பது. மேயோவில் நடந்தது இளைத்தவர்கள் ஒன்றுசேர்ந்து வலுத்தவனுக்குக் கை கொடுக்க மறுத்தது.

நிலச் சங்கம் வென்றதா? பாதி வென்றது. 1881-இல் குத்தகைச் சட்டம் வந்தது. 1903 சட்டத்தின் பிறகு அரசுக் கடனில் குத்தகைக்காரர்கள் பெருவாரியாக நிலத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள். ஆனால் தாவிட் கேட்டது நிலம் நாட்டுக்கே சொந்தமாக வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. துண்டு நிலம் உள்ளவன் துண்டு நிலத்தோடு நின்றான்; கூலிக்காரன் கூலிக்காரனாகவே நின்றான். அதனால் பிழைக்கப் போவதும் நிற்கவில்லை.

இனி ரயிலுக்கு வருகிறேன்.

அக்கில் தீவின் வாலிபர்களும் பெண்களும் வருஷா வருஷம் ஜூன் மாதம் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டும் வேலைக்குப் போவார்கள். மேஸ்திரி ஆள் திரட்டுவார். கொட்டகையில் வைக்கோல் பரப்பிப் படுப்பார்கள். குளிர்காலத்துக்குள் திரும்பி, கொண்டுவந்த காசில் கடைப் பாக்கியைத் தீர்ப்பார்கள்.

1894 ஜூன் 14. கிளாஸ்கோ கப்பலைப் பிடிக்க அக்கிலிலிருந்து வெஸ்ட்போர்ட் துறைமுகத்துக்குப் பாய்மரப் படகுகளில் போனார்கள். ஒரு படகில் நூறு பேருக்கு மேல். நீராவிக் கப்பல் கண்ணில் பட்டதும், முதல் தடவை பார்க்கும் இளசுகள் ஒரே பக்கம் ஓடினார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் மூழ்கிப் போனார்கள். அப்போது வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கிலுக்குச் சுமார் 27 மைல் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். முறையான திறப்பு 1895-இல்தான். ஆனால் அதற்கு முன்பே, அந்த ஜூனில், அக்கிலுக்குப் போன ரயில் அந்தச் சவப்பெட்டிகளைச் சுமந்து போனது.

43 வருஷம் போயிற்று. 1937 செப்டம்பர் 16 விடியற்காலை. ஸ்காட்லாந்தில் கிர்கின்டிலாக் என்ற ஊரில், அக்கிலிலிருந்து வந்த உருளைக்கிழங்குத் தொழிலாளர்கள் தூங்கிய கொட்டகையில் தீப்பிடித்தது. பக்கத்தில் தூங்கிய பெண்கள் தப்பினார்கள். ஆண்களும் பையன்களுமாகப் பத்துப் பேரால் வெளியே வர முடியவில்லை. வயது 13 முதல் 23 வரை. அண்ணன் தம்பிகளும் அதில் உண்டு. டப்ளினிலிருந்து அவர்களையும் ரயில்தான் அக்கிலுக்குக் கொண்டுபோனது. நஷ்டத்தில் ஓடுகிறது என்று அந்தப் பாதையை மூட ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே மூடிவிட்டார்கள். இரும்புச் சக்கர வண்டி முதல் ஓட்டத்திலும் கடைசி ஓட்டத்திலும் பிணம் சுமக்கும் என்று பழைய குறிசொல்லி ஒருவர் சொல்லியிருந்ததாக அந்த ஊரில் இன்றும் பேசுவார்கள். இப்போது அந்தத் தடத்தில் சுற்றுலாக்காரர்கள் சைக்கிள் விடுகிறார்கள்.

குறி பலித்தது என்று நான் சொல்ல மாட்டேன். விதி என்று சொல்லிவிட்டால் படகில் அத்தனை பேரை ஏற்றியவன் தப்பிவிடுவான். கொட்டகையில் ஆளைப் படுக்கவைத்தவனும் தப்பிவிடுவான். தீக்குப் பிறகு அயர்லாந்து அரசு பருவத் தொழிலாளர் நிலைமையை ஆராயக் குழு போட்டது. போட வேண்டியதுதான். பத்துப் பெட்டிகள் வருவதற்கு முன் போட்டிருக்கலாம்.

மேயோ இன்று வேறு மாதிரி. 1986-இல் நாக் என்ற யாத்திரை ஊருக்குப் பக்கத்தில், ஒரு பாதிரியாரின் பிடிவாதத்தால் விமான நிலையம் திறந்தார்கள். வெளியூர் போன பிள்ளைகள் அதன் வழியாகத் திரும்பி வருகிறார்கள். பாலிஹானிஸ் என்ற சிறு நகரத்தில் இறைச்சி ஆலை வேலைக்குப் பாகிஸ்தானியர் முதலாகப் பல நாட்டார் வந்தார்கள். 1987-இல் அங்கே ஒரு மசூதியும் எழுந்தது. ஆள் அனுப்பிய ஜில்லாவுக்கே ஆள் வருகிறது. தன் தாத்தா படுத்த வைக்கோலை மறக்காதவன்தான் வந்தவனை மதிப்பான். நம் லைனுக்கு இப்போது பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வருகிற பையன்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

1979-இல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தபோது காண்டிராக்டர் தங்குமிடம் தர வேண்டும் என்று எழுதினார்கள். 2020 சட்டத் தொகுப்பு அதை உள்ளே வாங்கிக்கொண்டது. ஆனால் காகிதம் போய்க் கதவைத் திறக்காது. ஆகவே சங்கத்துக்கு மூன்று வேலை சொல்லி முடிக்கிறேன். ஒன்று: நம் ஆட்கள் தங்கும் ஒவ்வொரு ஷெட்டிலும் பெயர், ஊர், வீட்டு விலாசம் எழுதிய பட்டியல் நம் நோட்டில் இருக்க வேண்டும். இரண்டு: ராத்திரி ஷெட்டை வெளியே பூட்டுகிறார்களா, இரண்டாவது வழி இருக்கிறதா என்று இந்த ஞாயிறே போய்ப் பார்க்க வேண்டும். மூன்று: பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை எந்த மேஸ்திரி கூட்டி வந்தாலும் அந்த மேஸ்திரிக்கு இந்தக் காலனியில் ஆள் கிடையாது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வேலைக்கு என்ன பெயர் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். (கைதட்டல்)

நம் ஊர்ப் பெயரை நான் டிக்கெட்டில் பார்க்க ஆசைப்படுகிறேன். பார்சல் பில்லில் எழுத ஆசைப்படவில்லை.